சம்பந்திகள் குருவி பார்க்கப் போன நாள்

மதினி,

போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தார். விருதுநகரில் உங்கள் கிட்டங்கிக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று மிளகாய் வத்தல் மூட்டைகளையெல்லாம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூலையில் கிடந்ததாம் உங்கள் பைனாகுலர். ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "அம்மா இருந்திருந்தா இத ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாக அத்தை" என்றார். நானும் கண் கலங்கத் தயாராகிப் பையைப் பிரித்தேன். கலங்குவதற்கு முன்னால் தும்மல் வந்துவிட்டது. ஒரு தும்மல் இரண்டு தும்மல் இல்லை, பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கிற அளவுக்குத் தும்மல். வீட்டு முன்பக்க அச்சாபீசில் இருந்த எங்கள் வீட்டுக்காரர், "என்ன நெடி? எங்கயும் வெடிமருந்து பத்திக்கிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். சிவகாசிக்காரருக்கு வேறு என்ன தோன்றும்? மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றார். வத்தல் கமிஷன் கடையில் பிறந்து வளர்ந்த மூக்கு அது.

நீங்கள் இல்லாமல் ஆவணி இரண்டு வந்து போய்விட்டது. அந்தப் பைனாகுலருக்குள் மட்டும் நெடி அப்படியே இருக்கிறது.

நாம் முதன்முதலாகக் குருவி பார்க்கப் போன நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதில்லைதான். நீங்களும் கூடவே இருந்தீர்கள். ஆனால் அன்று முழுக்க நீங்கள் தண்ணீரையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்ன நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

என் மகள் சுகந்தி அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். உங்கள் மகன் கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. கடையில் ஆள் நிறைய இருந்த நேரத்தில், வெளியூர் வியாபாரியிடம் இவள் போனில் வத்தல் விலையைப் பற்றி ஏதோ பேச, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "நீ சமையக்கட்டுல போயி ரசத்துக்கு வெல சொல்லு" என்றாராம். ஆட்களும் சிரித்திருக்கிறார்கள். மத்தியானமே பஸ் ஏறிச் சிவகாசிக்கு வந்துவிட்டாள். பி.காம் படித்த பெண். விலை அதற்கப்புறம் ஏறியதா இறங்கியதா என்பதில் இன்றுவரை இரண்டு வீட்டிலும் இரண்டு கணக்கு இருக்கிறது. அவள் திரும்பிப் போகவில்லை. அவரும் வந்து கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால், "காலண்டர் சீசன் முடியட்டும், பேசுவோம்" என்பார். காலண்டர் சீசன் முடிய மார்கழி ஆகும். அதுவரைக்கும் நான் என்ன செய்ய? உங்களை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தேன். பாத்திரம் விளக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதைச் சொல்லிப் பார்த்து, நாளுக்கு நாள் கூர் தீட்டி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஆவணிக் கடைசியில் ஒரு காலை, கடையின் ஆம்னி வேனில் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். இறங்கவில்லை. டிரைவர் சந்தனத்தை விட்டு ஹாரன் அடிக்கச் சொன்னீர்கள். நான் ஈரக்கையோடு வெளியே வந்தேன்.

"மதினி, கெளம்புங்க. குருவி பாக்கப் போவோம்."

"என்ன பாக்க?"

"குருவி. மழ இல்லாம அணையெல்லாம் வத்திப் போயிக் கெடக்கு. இப்பப் போனாத்தான் அம்புட்டும் மிச்சத் தண்ணியில ஒண்ணா நிக்கும்."

"உள்ள வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு..."

"வேண்டாம் மதினி. வெயிலு ஏறிரும்."

மதினி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? சம்பந்தி வீட்டு வாசல் வரை வந்து, வண்டியை விட்டு இறங்காமல், காப்பி வேண்டாம் என்கிறீர்கள். நான் பேச்சின் முதல் வரியாகக் 'காப்பி' என்று சேர்த்துக்கொண்டேன். உள்ளே சேலை மாற்றப் போனால் சுகந்தி ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். "அத்தை உள்ள வரலையா?" என்று கேட்டாள். முகம் விழுந்துவிட்டது. "நீ போயிட்டு வா. நல்லாப் பேசிட்டு வா" என்றாள். 'நல்லா' என்றால் பதமாகவா பலமாகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து ரகசியமாகச் சொன்னார். "கோவத்துல வார்த்தைய விட்றாத. அவுக கடை காலண்டர் ஆர்டர் இன்னும் வரல."

விஸ்வநத்தம் தாண்டும்போதே நீங்கள் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். ரோட்டோரம் ஒரு பட்டாசுக் கம்பெனி. வேப்ப மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். தீபாவளி சீசன் என்பதால் உள்ளே வேலை மும்முரம். முன்னால் கரண்டுக் கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. நீங்கள் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகி, பைனாகுலரைத் தூக்கிப் பிடித்தீர்கள். நான் உங்கள் கைப்பையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். தூரத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்பது, உள்ளே இருந்து ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி போர்மேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"வணக்கம் மேடம். எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீக? எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். உள்ள வந்து பாருங்க."

நீங்கள் கண்ணை எடுக்கவே இல்லை. "அந்தா நீலமா உக்காந்திருக்கே, அது ரொம்ப நாளா இங்கனதான் இருக்கா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். வேர்த்துவிட்டது. "அது எங்க கம்பெனிது இல்ல மேடம். வெளிய இருந்து வந்தது. நாங்க குருவிக்கெல்லாம் எடம் குடுக்குறதே இல்ல."

"ஏன் குடுக்குறதில்ல? குடுங்க."

"குடுத்துருவோம் மேடம். முதலாளிட்டச் சொல்லி நாளைக்கே குடுத்துருவோம்."

"பனங்காடை அது. அந்த மொட்டப் பனையில கூடு வைக்கும். பனைய வெட்டீராதீக."

"வெட்டவே மாட்டோம் மேடம். எழுதிக்கிடுங்க."

நமக்கு இரண்டு பாட்டில் கலர் வந்தது, குளிரக் குளிர. நீங்கள் மறுக்காமல் குடித்தீர்கள். எங்கள் வீட்டுக் காப்பியை வேண்டாம் என்றவர்கள் யாரோ ஒரு கம்பெனி கலரைக் கடைசிச் சொட்டுவரை குடித்ததையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் வண்டி கிளம்பியதும் நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வேன் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டேன். சேர்ந்து சிரித்துவிட்டால் அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் நடுவில் ஒரு துண்டு போல்தான் கிடந்தது. சுற்றிலும் சேறு வெடித்து ஓடு ஓடாகக் காய்ந்திருந்தது. ஆனால் அந்தத் துண்டுத் தண்ணீரில்தான் எத்தனை கூட்டம்! நீங்கள் பைனாகுலரை முதல் தடவையாக என்னிடம் கொடுத்தீர்கள். கண்ணில் வைத்தேன். தீக்குச்சி உரசியது போல எரிந்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"அது ஒண்ணுஞ் செய்யாது மதினி. கிட்டங்கியிலயே கெடக்குதுல்ல, கொஞ்சம் காரம் ஏறியிருக்கும். தொடச்சுட்டுப் பாருங்க, பழகிரும்."

அந்தக் கண்ணாடி உங்களுக்கு வந்த கதையை அங்கேதான் சொன்னீர்கள். வத்தல் காயப்போடுகிற களத்தின் அந்தக் கோடியில் வேலை நடக்கிறதா என்று இந்தக் கோடியில் இருந்தே பார்க்க, உங்கள் வீட்டு அண்ணன் வாங்கிவந்ததாம். அவர் காலமானபின் களம் உங்கள் பொறுப்பானது. கிளிக் கூட்டம் வந்து வத்தலைக் கொத்திக் கொத்திப் போட, நீங்கள் தகர டின்னைத் தட்டி விரட்டிக்கொண்டே இருந்தீர்கள். "வருசக் கணக்கா வெரட்டுனேன் மதினி. ஒரு நா, என்னத்தத்தான் இப்படி வெரட்டுறோம்னு இந்தக் கண்ணாடியில பாத்தேன். கழுத்துல செவப்பு வளையம் போட்டு, அது வெரல்ல வத்தலப் பிடிச்சுத் திங்குது, நம்ம பச்சப்புள்ள முறுக்குத் திங்குமே அப்படி. டின்னக் கீழ வச்சுட்டேன்." அப்புறம் கிளியோடு நிற்கவில்லை. கண்மாய், அணை, வாய்க்கால் என்று போக ஆரம்பித்துவிட்டீர்கள். புத்தகம் வாங்கிப் பெயரெல்லாம் படித்துவைத்திருந்தீர்கள். ஆனால் சரியான பெயரைச் சொன்ன கையோடு ஒரு சொந்தக்காரர் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் திருப்தி இருக்காது.

"அந்தா பாறையில ரெக்கய விரிச்சு நிக்குல்ல, நீர்க்காகம். நம்ம பிள்ளைக கல்யாணத்துல பந்தி முடிஞ்சு ஈரக்கையோட துண்டு தேடுனாரே ஒங்க கொழுந்தனாரு, அவரே தான்."

அவரே தான். அது வேறு விஷயம். ஆனால் எங்கள் பக்கத்து ஆளை மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தால் விட முடியுமா? "அந்தப் பையி தொங்குற கூழைக்கடா யாரு, ஒங்க சின்ன மாமனாரா?" என்று கேட்டேன். குத்திவிட்ட திருப்தியோடு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சந்தோஷமாகி, "கண்டுபுடிச்சிட்டீகளே மதினி!" என்று என் தோளில் அடித்தீர்கள்.

ஆள்காட்டிக் குருவி ஒன்று நம்மைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. அதற்குப் பெயர் வைக்க இரண்டு பேருக்குமே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணன் சுகந்தி கல்யாணத்தைப் பேசி முடித்த பொன்னுச்சாமி அண்ணாச்சி. யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஊருக்கு முதலில் சொல்கிறவர்.

பேச்சைத் தொடங்க அதுதான் நேரம் என்று நினைத்தேன். "மதினி, நான் ஒங்கள்ட்ட ஒண்ணு பேசணும்" என்றேன்.

"ஷ்ஷ். சத்தம் கேட்டா எல்லாம் எந்திரிச்சுரும்" என்றீர்கள். சொல்லிவிட்டு, சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நறுக் நறுக்கென்று தின்னத் தொடங்கினீர்கள். பேச்சுக்குப் பறக்கிற பறவை காராச்சேவுச் சத்தத்துக்குப் பறக்காது என்பது உங்கள் கட்சி.

ஆனைக்குட்டம் அணைக்குப் போனபோது உச்சி வெயில். கரையில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து நீங்கள் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பக்கம் திரும்பினீர்கள். இனி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே எனக்குத் தைரியமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"இங்க பாருங்க மதினி. எங்க பிள்ளைய நாங்க ஒண்ணும் வழியில கெடந்து எடுத்துட்டு வரல. பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். அத நம்பித்தான் ஒங்க கையில குடுத்தோம்..."

சொல்ல நினைத்ததில் பாதிக்கு மேல் சொல்லிவிட்டேன். இடையில் நீங்கள் 'ம்' என்றுகூடச் சொன்னீர்கள். முடித்துவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன்.

நீங்கள் கண்ணாடியை இறக்கினீர்கள். "எங்கன மதினி? வழியிலயா கெடந்துச்சு?"

"என்னது?"

"முட்டைதான? பொத்தி வச்சிருந்துச்சுன்னு சொன்னீகளே. ஆள்காட்டி தரையிலதான் போடும். மிதிச்சிறாம வாங்க."

வேனுக்குள் படுத்திருந்த சந்தனம் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பாவமாக இருந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நீங்கள் டீக்கடைக்காரருக்கு அந்தப் போர்மேன் கதையை நடித்துக் காட்டினீர்கள். "அது எங்க கம்பெனிது இல்ல மேடம்" என்று சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு அடங்காமல், கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. நான் அப்போது மேலே வட்டமிட்ட பருந்தைப் பார்க்கலாம் என்று, பழகியிருக்கும் என்ற நம்பிக்கையில், கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தொலைத்தேன். பழகவில்லை. இரண்டு கண்ணும் கோவைப்பழம். மூக்கு வேறு ஒழுகுகிறது. நீங்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தீர்கள். இப்படி இரண்டு சம்பந்திகளும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ஸ்கூட்டர் நின்றது. பொன்னுச்சாமி அண்ணாச்சி. ஏதோ மனு கொடுக்க வந்தாராம். கிட்டே வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துட்டிக்கு வந்தவர் இழவு வீட்டு வாசலில் நிற்பது போல ஒரு நிமிஷம் நின்றார். தலையை மெதுவாக ஆட்டினார். போய்விட்டார்.

"அந்தா போறாரு நம்ம ஆள்காட்டி" என்றீர்கள். அதோடு அவரை மறந்துவிட்டோம்.

குல்லூர்சந்தை அணைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கேதான் தண்ணீர் கொஞ்சம் விரிந்து கிடந்தது. ஓரத்தில் பவளக்காலிகள், குச்சி குச்சியாகச் சிவப்புக் கால்களோடு, சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்கள் போல நடந்தன. வடக்கே இருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த உள்ளான் ஒன்று வாலை ஆட்டி ஆட்டி ஓடியது. நீங்கள் அவற்றுக்கு யாருடைய பெயரையும் வைக்கவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. தயார் செய்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. வந்தது ஒரே ஒரு வரிதான்.

"எங்க வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்கக் கூட ஒங்களுக்கு மனசு வரல."

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"உள்ள வந்தா அவ மொகத்தப் பாப்பேன்ல மதினி. பாத்தா எனக்குக் கண்ணு கலங்கிரும். அவளுக்கு எம்மேல பிரியம். அத்தை அழுறாகளேன்னு பைய எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறிருவா. ஏறுவாளா மாட்டாளா, சொல்லுங்க."

ஏறியிருப்பாள். எனக்குத் தெரியும்.

"எனக்காக அவ வரக் கூடாது. வந்தா நாளைக்கும் அவன் அதே மாதிரிதான் பேசுவான். அம்மா போயிக் கூட்டிட்டு வந்துருவான்னு இருப்பான். நான் போக மாட்டேன்லே, நீயே போயிக் கூப்புடுன்னு சொல்லிட்டேன். ரோசம். கேக்க மாட்டேங்குறான்."

"அப்ப என்னைய எதுக்குக் கூட்டிட்டு வந்தீக?"

நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "வீட்டுல இருக்க முடியல. காலையில எந்திரிச்சா அவ சத்தம் இல்ல. அவள மாதிரி பேசுற ஆளு கூட ஒரு நா இருக்கணும் போல இருந்துச்சு. நீங்க கோவப்படும்போது அச்சு அசல் அவளேதான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கண்ணாடி நெடி இருக்கே" என்றேன். கண்ணாடி உங்கள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. எங்கள் வீட்டுக்காரர். எடுத்த எடுப்பில், "ரெண்டு பேரும் ஒறவ வெட்டி விட்டுட்டீகளாமே?" என்றார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் பொன்னுச்சாமி அண்ணாச்சி எழுதியிருக்கிறார். இரு வீட்டுத் தாய்மார்களும் கலெக்டர் அலுவலகம் அருகே கண்ணீர் மல்கப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவும், இனி ஆண்டவன் விட்ட வழி என்றும். அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றனவாம். "ஒங்க கொழுந்தனாருமா போட்டாரு?" என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? எங்கள் கொழுந்தனாரும்தான் போட்டிருந்தார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் உங்கள் போன் அடித்தது. கண்ணன். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "என்னம்மா பண்ணிட்டு வந்தீக? என்ன பேசுனீக?"

நீங்கள் நிதானமாக, "பேசிட்டோம்லே. எல்லாம் பேசிட்டோம்" என்று சொல்லி அணைத்துவிட்டீர்கள். போனையே அணைத்துவிட்டீர்கள்.

"மதினி! நாம எங்க பேசுனோம்?"

"பேசலையா? கூழைக்கடாவப் பத்தி எம்புட்டுப் பேசுனோம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

என்னுடைய போனையும் வாங்கி அணைத்தீர்கள். அன்று முழுக்க அடக்கிவைத்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் வெடித்தது. கரையில் நின்ற அத்தனை பவளக்காலியும் ஒரே எழும்பாக எழும்பிப் போனது. நீங்கள் 'ஷ்ஷ்' சொல்லவே இல்லை.

சிவகாசிக்குத் திரும்பியபோது விளக்குப் போடுகிற நேரம். எங்கள் தெரு முக்கில் திரும்பும்போதே சந்தனம் வண்டியை நிறுத்திவிட்டான். வாசலில் கண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஸ்டாண்டுகூடச் சரியாகப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டிருந்தார். கேட்டுக்கு உள்ளே, பன்னீர் மரத்தடியில் சுகந்தி நின்றாள். எதிரே அவர். நான் கதவைத் திறக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தி, "ஷ்ஷ். போனாப் பறந்துரும்" என்றீர்கள். கண்ணாடியை எடுத்தீர்கள்.

தெருவில் போகிறவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

"என்ன தெரியுது மதினி?"

"ஒங்க மக பேசுறா."

"அவரு?"

"கேக்குறான்."

"நெசமாவா?"

"தலைய ஆட்டுறான். கொண்டலாத்தி தரையக் கொத்துமே, அந்த மாதிரி ஆட்டுறான். இன்னும் பேசுறா. வெரல எண்ணி எண்ணிப் பேசுறா. ஆத்தாடி, அடுத்த கையிக்கும் போயிட்டா."

"குடுங்க, நான் பாக்கேன்" என்று பிடுங்கிக் கண்ணில் வைத்தேன். எரியட்டும் என்றுதான் வைத்தேன். கலங்கிய கண்ணில் இரண்டு உருவங்கள் நீரில் மிதப்பது போல நடுங்கின. என் மகள் தலை நிமிர்ந்து நின்றாள். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அன்று அவள் போகவில்லை. அவர் அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் குறைந்தது என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு அடுத்த வாரம் போனாள். போகும்போது, கடையில் அவளுக்கென்று ஒரு மேஜையும் போனும் போட்டாகிவிட்டதென்று நீங்கள் எனக்குப் போன் செய்து சொன்னீர்கள். "ரசத்துக்கு வெல இப்ப எம் மவன்தான் சொல்றான்" என்றீர்கள். காலண்டர் ஆர்டரும் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் பறவைப் படம்தான் வேண்டும் என்று நீங்கள் பிடித்த பிடிவாதத்தில் எங்கள் வீட்டுக்காரர் முடியைப் பிய்த்துக்கொண்டார். பொன்னுச்சாமி அண்ணாச்சி இன்றுவரை, தாம் மட்டும் சரியான நேரத்தில் குரூப்பில் எழுதியிருக்காவிட்டால் அந்தக் குடும்பம் சேர்ந்திருக்காது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவருகிறார். மறுத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

பிறகு வருஷா வருஷம் போனோம். ஆவணி பிறந்தால் வேன் வந்து நிற்கும். நீங்கள் உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். எங்கள் வீட்டுக் காப்பியில் சீனி தூக்கல் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் இருந்ததில்லை.

கடைசியாகப் போனது, உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்திருந்த வருஷம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. சுகந்தி வேண்டாம் வேண்டாம் என்றாள். நீங்கள் கேட்கவில்லை. குல்லூர்சந்தை வரை வந்தோம். கரை ஏற முடியாமல் வேனிலேயே கதவைத் திறந்துபோட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டீர்கள். "நீங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மதினி" என்றீர்கள்.

நான் கரை ஏறினேன். அந்த வருஷம் தண்ணீர் சொட்டு இல்லை. சேறு காய்ந்து, நடுவில் இரண்டு மூன்று எருமைகள் நின்றன. ஒரு காக்கா. அவ்வளவுதான். வேன் பக்கம் திரும்பினால், நீங்கள் கண்ணை மூடிக் காத்திருப்பது தெரிந்தது. இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். நிறையத் தண்ணீர் மதினி என்றேன். கூழைக்கடா ஒரு கூட்டம். கரண்டிவாயன். பவளக்காலி சொல்லி முடியாது. வாய் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை. "அப்புறம் அந்தப் பெரிய வாத்து. தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்குமே, இமயமலையத் தாண்டி வரும்னு சொன்னீகளே, அது ஒரு கூட்டம்" என்றேன்.

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டில் மட்டும் சிரிப்பு வந்தது.

"வரித்தலை வாத்து ஆவணியில வராது மதினி. மார்கழிக்குத்தான் வரும்."

நான் உங்கள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன்.

"இருந்தாலும் சொல்லுங்க" என்றீர்கள். "எத்தன இருந்துச்சு?"

சொன்னேன். விருதுநகர் ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். சந்தனம் வண்டிக் கண்ணாடியில் நம்மைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

இப்போதும் போகிறேன் மதினி. எங்கள் வீட்டுக்காரர் காலண்டர் ஆர்டரை விட்டுவிட்டு வரமாட்டார், சந்தனத்தைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். பார்த்துவிட்டு வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சுகந்தி கடை மேஜையில் இருந்துகொண்டே போனில் 'ம்' போடுவாள், அவளுக்கு லோடு ஏற்றுகிற நேரம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆவணிக்கு நேற்றுதான் குல்லூர்சந்தை போயிருந்தேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை. பவளக்காலி கரை ஓரமாக நிறைய. குஞ்சுகூட ஒன்று நடந்தது, கால்தான் இன்னும் சிவக்கவில்லை. கூழைக்கடா நான்கைந்து, உங்கள் சின்ன மாமனார் தலைமையில். பாம்புத்தாரா ஒன்று. முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்தது. அப்புறம் மேற்கே, வெயில் இறங்குகிற பக்கம், அந்தப் பெரிய வாத்து. தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஒரு பெரிய கூட்டம், மதினி.